கதவுக்குப் பூசிய எண்ணெய்: மரப்பூச்சின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

எண்ணெய் வர்ண ஓவியத்தை முதன்முதற் கண்டறிந்தவர் யார் என்னும் வினாவுக்குக் கலை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் ஒரே விடையையே கூறிவந்தன. பதினைந்தாம் நூற்றாண்டிலே பிளாண்டர்ஸ் நாட்டில் வாழ்ந்த யான் வான் ஐக் என்பவரே அதனைக் கண்டறிந்தார் என்பது அவ்விடை. இது பிழை என்பது இற்றைக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவப்பட்டுவிட்டது. எனினும் பொது வாசகருக்கென எழுதப்படும் நூல்களில் இன்றும் அது இடையிடையே தலைகாட்டுகின்றது. திருத்தப்பட்ட பின்னரும் ஒரு பிழை இவ்வளவு காலம் நிலைத்திருப்பதாயின் அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும்.

காரணம் நாம் வரலாறு எழுதும் முறையிலேயே உள்ளதெனக் கருதுகிறேன். ஓவிய வரலாறு எழுதியோர் ஓவியரின் பெயர்களைத் தேடினர். பெயர் கிடைத்த இடத்திலே கண்டுபிடிப்பும் நிகழ்ந்ததாகக் கொண்டனர். ஆனால் மரத்துக்கு எண்ணெய் பூசும் கலையோ பெயர் எஞ்சாத மக்களிடமிருந்து வந்தது. கதவுக்குச் சிவப்புத் தீட்டியவர்கள், குதிரைச் சேணத்துக்கு மெருகிட்டவர்கள், பெட்டகம் செய்த தச்சர்கள் ஆகியோரே எந்த எண்ணெய் இறுகும், எது இறுகாது, ஒரு பூச்சின்மேல் மறு பூச்சை எப்போது இடலாம் என்பவற்றைக் கையனுபவத்தால் அறிந்திருந்தனர். அவ்வறிவின் தடத்தை ஓரளவு தொடர்ந்து சென்று, அதன் வழியாகப் பெல்ஜியத்தின் கென்ற் நகரிலுள்ள பலிபீட ஓவியம் ஒன்றுக்கு நேர்ந்ததை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வோவியம் எண்ணெயால் ஆனது, மரத்தில் தீட்டப்பட்டது, பின்வந்தோரால் எண்ணெய் வர்ணம் கொண்டே மூடப்பட்டது, அண்மையிலேதான் அம்மூடல் நீக்கப்பட்டது.

உலர்தல் என்பது யாது?

தாவர எண்ணெய்கள் யாவும் ஓரியல்பின அல்ல. தேங்காயெண்ணெயை ஒரு பலகையிலே தடவி ஒரு மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் விரலிற் பிசுக்கு ஒட்டும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவினால் சில நாட்களில் அது விரலில் ஒட்டாத தோலாகிவிடும். இதனை நாம் உலர்தல் என்கிறோம். சொல் பொருத்தமற்றது. ஈரத்துணி உலரும்போது நீர் ஆவியாகி வெளியேறுகின்றது. எண்ணெய் இறுகும்போதோ அது காற்றிலுள்ள ஒட்சிசனை உட்கொள்கின்றது. அதனால் தொடக்கத்தில் நிறையிற் கூடவும் செய்கின்றது. எண்ணெயிலுள்ள நிரம்பாத கொழுப்பமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளை அண்டி ஒட்சிசன் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய் இறுகும். அஃது அருகிய எண்ணெய் இறுகாது. இதனை அளந்தறியும் முறையொன்றை 1884இல் ஹியூபிள் என்னும் இரசாயனர் வகுத்தார். அயடீன் பெறுமானம் எனப்படும் அவ்வளவு தேங்காயெண்ணெய்க்குப் பத்தையொட்டி நிற்கின்றது; நல்லெண்ணெய்க்கு 110 அளவிலும் ஆளிவிதை எண்ணெய்க்குப் பொதுவாக 170க்கு மேலும் உள்ளது. அக்குரோட்டு எண்ணெயும் கசகசா எண்ணெயும் ஆளிவிதைக்குச் சற்றுக் கீழே நின்று இறுகும் எண்ணெய்களின் வரிசையிற் சேர்கின்றன.

எனவே நம்மவர் வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கும்போது மரம் கறுத்துப் பொலிவதுண்டு. ஆனால் அது பூச்சு ஆகாது. அவ்வாறு எண்ணெயூறிய கதவுக்குப் பின்னொரு நாள் வர்ணம் பூச முற்பட்டவர் அது தோல் தோலாக உரிந்துவருவதைக் கண்டிருப்பர். இறுகாத எண்ணெய் மரத்துக்கும் வர்ணத்துக்கும் இடையே பிசுக்குப் படையாக நின்றுவிடுகின்றது. இலங்கையின் மரபுக் கலைஞர் இவ்விடரை வேறொரு வழியாலே தாண்டினர். இந்நாட்டின் ஈரவலயக் காடுகளுக்கே உரிய தொரண மரத்திலிருந்து வடியும் எண்ணெய்ப் பிசினை அவர்கள் விகாரை ஓவியங்களுக்கு மெருகாகப் பூசினர். அதன் ஆவியாகும் கூறு நீங்கிவிடப் பிசின் படலமாக எஞ்சும். ஆளிவிதை எண்ணெய் இறுகுவதற்கும் இதற்கும் அடிப்படையிலே வேறுபாடுண்டு. பூச்சு என்ற ஒரே பெயரால் இரண்டையும் அழைப்பதாற் குழப்பமே மிகும்.

எண்ணெய் இறுகும் தன்மையிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது வெப்பம். ஒட்சிசனை உட்கொள்ளும்போது வெப்பம் வெளிப்படும். பலகையிலே பரந்த எண்ணெயில் அது காற்றோடு போய்விடும்; எண்ணெய் தோய்ந்த கந்தைகளைக் குவித்து வைத்தாலோ வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகவே தீப்பற்றும். 1991ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே 38 மாடிக் கட்டடமொன்றின் 22ஆம் மாடியிற் பற்றிய தீ, சுவர்ப் பலகைகளுக்கு மெருகிட்டபின் விடப்பட்ட ஆளிவிதை எண்ணெய்க் கந்தைகளிலிருந்தே தொடங்கியது. தீயணைப்பு வீரர் மூவர் அதில் உயிரிழந்தனர். மரவேலைத் தளங்களிலே கந்தைகளை விரித்துக் காயவிடும் பழக்கம் இதனாலேயே வற்புறுத்தப்படுகின்றது.

இரண்டாவது, பூச்சின்மேற் பூச்சு இடுவதில் உள்ள ஒழுங்கு. அடிப்படை இறுகுமுன் மேற்படை இறுகினால், கீழே அசையும் ஒன்றின்மேல் மேலே அசையாத ஒன்று நிற்கும், மேற்படை வெடிக்கும். ஆதலின் எண்ணெய் குறைந்த படை கீழும் எண்ணெய் மிகுந்த படை மேலுமாக அமைதல் வேண்டும் என்பது ஓவியர்க்கும் தச்சர்க்கும் பொதுவிதி. மூன்றாவது, இறுகிய எண்ணெய் மீண்டும் எண்ணெயாவதில்லை. பிசினால் மட்டும் ஆன மெருகைக் கரைப்பான் கொண்டு கரைத்துவிடலாம். முதிர்ந்த எண்ணெய்ப் படலம் மென்கரைப்பான்களுக்கு எளிதில் இணங்காது. இம்மூன்றாம் விளைவே கென்ற் நகர ஓவியத்தின் கதையிலே பெருஞ் சிக்கலாக வந்து நின்றது.

தெயோபிலசின் சிவப்புக் கதவு

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெயோபிலஸ் என்று தம்மை அழைத்துக்கொண்ட கிறிஸ்தவத் துறவி ஒருவர், ஓவியம், கண்ணாடி, உலோகம் ஆகிய கைவினைகள் பற்றி இலத்தீன் மொழியில் நூலொன்று எழுதினார். வர்ணங்கள் பற்றிய அதன் முதற் பகுதியிலே ஆளிவிதை எண்ணெய் பற்றிய குறிப்பு வருகின்றது. அது திருவுருவம் தீட்டுவது பற்றிய இடத்தில் வரவில்லை. கதவுகளைச் சிவப்பாக்குவது பற்றிய இடத்திலேயே வருகின்றது.

அவர் கூறும் செய்முறை வருமாறு: ஆளிவிதையை நீரின்றிச் சட்டியிலே வறுத்து உரலில் இட்டுத் தூளாக்குக. மீண்டும் சட்டியில் இட்டுச் சிறிது நீர் தெளித்து நன்கு சூடாக்கிப் புதுத் துணியிற் பொதிந்து செக்கிலே பிழிக. அவ்வாறு பெற்ற எண்ணெயிற் செவ்வீயத்தையோ சாதிலிங்கத்தையோ கல்லில் இட்டு நீர் சேர்க்காது அரைத்து, கதவிலோ பலகையிலோ தூரிகையாற் பூசி வெயிலிற் காயவிடுக. காய்ந்தபின் மறுமுறை பூசுக. ஈற்றில் மெருகெண்ணெய் இடுக. அம்மெருகெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயிலே பிசினை இட்டுக் காய்ச்சிச் செய்வதுதான். பலகைகளைப் பாற்கட்டியிலிருந்து எடுத்த பசையால் இணைப்பதும், அவற்றின்மீது தோலை அல்லது தோல் இல்லாதவிடத்து ஆளிநார்த் துணியை ஒட்டுவதும், அதன்மேற் சுண்ணப் பூச்சிடுவதும் அருகருகே விரிவாகக் கூறப்படுகின்றன. இவையாவும் ஒரு மரவேலைத் தளத்தின் ஒழுங்குகள் என்பதை எவரும் காண்பர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. செவ்வீயம் ஈயத்தின் ஒட்சைட்டு. ஈயச் சேர்வைகள் எண்ணெய் இறுகுவதை விரைவுபடுத்துவன. சிவப்புக் கதவு விரைவிற் காய்ந்ததற்கு அந்நிறமே துணைசெய்தது. துறவிக்கு இரசாயனம் தெரியாது. கதவு காய்ந்தது தெரியும்.

அதே நூலில் தெயோபிலஸ் ஒரு குறையும் கூறுகின்றார். எண்ணெயில் அரைத்த வர்ணத்தை எப்பொருளுக்கும் பயன்படுத்தலாம், ஆனால் அப்பொருள் வெயிலிலே காயவைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஒரு நிறம் காய்ந்தபின்னரே மறு நிறம் இடலாமாகையால் உருவங்கள் தீட்டுவதற்கு அது மிக நீண்டதும் சலிப்பூட்டுவதுமான வேலை என்கிறார். விரைந்து முடிக்க விரும்புவோர் சேரி மரத்துப் பிசினை அல்லது பிளம் மரத்துப் பிசினை நாடலாம் என்றும் வழிகாட்டுகின்றார். ஆகவே அக்காலத்திலே எண்ணெய் அறியப்படாத பொருளாக இருக்கவில்லை. அறியப்பட்டு, பயன்படுத்தப்பட்டு, நுண்ணிய வேலைக்கு மந்தமானது என ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. கண்டுபிடிப்பாளரைத் தேடுவோர் இவ்விடத்தைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

தெயோபிலசும் தொடக்கமல்லர். ஆறாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஏற்றியஸ், அக்குரோட்டு எண்ணெய் இறுகும் தன்மையது என்றும் பொன் முலாமிடுவோர் அதனைப் பயன்படுத்துகின்றனர் என்றும் மருந்து நூலிலே குறித்துள்ளார். ஆப்கானிஸ்தானின் பாமியன் குகைகளில் ஏழாம் நூற்றாண்டளவில் தீட்டப்பட்ட சுவரோவியங்கள் சிலவற்றில் இறுகும் எண்ணெய் கலந்திருப்பதை 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அவை மரமல்ல, சுவர். ஆயினும் ஐரோப்பாவுக்கு வெளியே, அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே, இவ்வறிவு நிலவியமைக்கு அவை சான்று. இங்கிலாந்தில் 1239ஆம் ஆண்டு மூன்றாம் ஹென்றி மன்னன், வெஸ்ட்மின்ஸ்ரரில் அரசியின் அறையிலே செய்த ஓவியங்களுக்காக வாங்கிய எண்ணெய்க்கும் மெருகுக்கும் வர்ணத்துக்கும் பணம் கொடுக்குமாறு ஆணையிட்டான். நோர்வே நாட்டுத் தேவாலயங்களிலிருந்து கிடைத்த மரப் பலிபீட முகப்புகள் முப்பதளவில் இன்று எஞ்சியுள்ளன; பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டையும் அதனையடுத்த காலத்தையும் சேர்ந்த அவை எண்ணெய் வர்ணத்தால் ஆனவை. 1400ஆம் ஆண்டளவில் இத்தாலியரான சென்னினோ சென்னினி, எண்ணெயில் தீட்டுவது ஜேர்மானியர் பெரிதும் கையாளும் முறை என்று குறிப்பிட்டு, ஆளிவிதை எண்ணெயை நெருப்பிற் பாதியாக வற்றக் காய்ச்சுவதையும் கோடை வெயிலிலே பதப்படுத்துவதையும் விளக்குகின்றார். யான் வான் ஐக் அப்போது புகழ்பெற்ற ஓவியராகவில்லை.

வசாரி கூறிய கதை

அங்ஙனமாயின் பழைய விடை எங்கிருந்து வந்தது? 1550ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரில் வெளியான ஜியோர்ஜியோ வசாரியின் கலைஞர் சரிதங்களே அதன் மூலம். யான் ஒரு பலகை ஓவியத்துக்கு மெருகிட்டு வெயிலிலே காயவைத்தார். வெயிலின் கொடுமையாற் பலகையின் இணைப்புகள் பிளந்துவிட்டன. மனம் நொந்த அவர் நிழலிலேயே காயும் மெருகைத் தேடிப் பலவற்றையும் பரிசோதித்து ஆளிவிதை எண்ணெயும் அக்குரோட்டு எண்ணெயுமே தக்கன எனக் கண்டார். இரகசியம் பின்னர் இத்தாலிக்குச் சென்றது. இவ்வாறு செல்கிறது வசாரியின் கதை. கதையிற் பிளந்த பலகை மட்டும் உண்மைத் தச்சுப்பட்டறையின் மணம் உடையது. வசாரியின் நம்பகத்தை அளக்க இன்னொன்று போதும். இவ்விரகசியத்தின் பொருட்டுக் கஸ்தாஞ்ஞோ என்னும் ஓவியர் தொமெனிக்கோ வெனெத்சியானோ என்பவரைக் கொலை செய்தார் என்றும் அவர் எழுதினார். கொலை செய்தவராகக் கூறப்படுபவர் இறந்தது 1457இல். கொலையுண்டவராகக் கூறப்படுபவர் இறந்தது 1461இல்.

வசாரியின் கூற்றை மறுத்தவர் ஜேர்மன் நாடகாசிரியர் லெசிங். வொல்ஃபன்பியூற்றல் நூலகத்தின் பொறுப்பாளராக இருந்தபோது தெயோபிலசின் கையெழுத்துப் பிரதியைக் கண்ணுற்ற அவர், எண்ணெய் ஓவியத்தின் பழைமை பற்றி 1774இல் எழுதி வெளியிட்டார். ஏழாண்டுகளின் பின் 1781இல் ராஸ்பே என்பவரும் இலண்டனில் இதே பொருள் பற்றி நூலொன்றை வெளியிட்டார். பொய்க்கதைகளுக்குப் பேர்போன முன்சௌசன் பிரபுவின் கதைகளை எழுதியவர் இவரே. பொய்க்கதைக்காரர் உண்மை கூறவும் சரிதாசிரியர் கதை கூறவும் நேர்ந்தமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இதனால் யான் வான் ஐக்கின் பெருமை குறைந்துவிடவில்லை. வெண்சுண்ணமும் விலங்குப் பசையும் கலந்த அடித்தளத்தின்மேல், ஒளி ஊடுருவிச் சென்று மீளத்தக்க மெல்லிய எண்ணெய்ப் படைகளை ஒன்றன்மேலொன்றாக இட்டு, தெயோபிலஸ் சலிப்பெனக் கூறிய காத்திருப்பையே அவர் கலையாக்கினார். அதற்கேற்ற பொருளாதார நிலையும் அவர் நாட்டில் இருந்தது. பிளாண்டர்ஸ் ஆளிநார்த் துணி நெய்த நாடு. நாருக்காக ஆளி பயிரிடும் இடத்திலே விதையும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கும். பால்டிக் கரையோரத்திலிருந்து ஓக்குப் பலகைகள் கப்பலேறி வந்தன. பலகைகளைச் செய்தவர் ஒரு தொழிலர், தீட்டியவர் இன்னொரு தொழிலர். தனியொருவரின் மேதையென நாம் போற்றும் ஓவியம் பல கைகளினூடாக வந்த பொருளே.

கென்ற் நகரத்துப் பலிபீடம்

மேலே கூறியவை யாவும் ஒன்றுதிரளும் இடம் கென்ற் நகரத்துப் பேராலயம். செல்வந்தரான யூஸ் வைத், அவர் மனைவி எலிசபெத் போர்லூற் ஆகியோர் பொருளுதவியால், ஹியூபேர்ட் வான் ஐக் தொடங்கி, 1426இல் அவர் இறந்தபின் தம்பி யான் நிறைவுசெய்த மடிப்புப் பலிபீடம் அது. 1432ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி அது வைக்கப்பட்டதென அதன் சட்டத்திலுள்ள நான்கடிப் பாட்டு கூறுகின்றது. நடுப்பலகையிலே பீடமொன்றின்மேல் ஆட்டுக்குட்டி நிற்கின்றது. அதன் மார்பிலிருந்து குருதி கிண்ணத்துக்குள் வடிகின்றது. கிறிஸ்துவின் பலியை அது குறிக்கும்.

இப்பலிபீடம் பட்ட பாட்டை விரித்தால் தனிநூலாகும். 1566இற் சிலையுடைப்பாளரிடமிருந்து தப்ப ஆலயக் கோபுரத்தில் ஒளித்துவைக்கப்பட்டது. 1794இற் பிரெஞ்சுப் படையினர் நடுப்பலகைகளைப் பாரிசுக்குக் கொண்டுசென்றனர். பக்கப் பலகைகள் 1816இல் விற்கப்பட்டுப் பின் பிரசிய மன்னரிடம் சேர்ந்தன. பேர்லினில் இருபுறமும் ஒருங்கே காட்டும் பொருட்டு அவற்றை 1894இல் நெடுக்காக வாளால் அறுத்தனர். முதலாம் உலகப் போரின்பின் வேர்செயில்ஸ் உடன்படிக்கையாற் கென்றுக்கு மீண்டன. நாசிகள் அதனைக் கைப்பற்றி ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்தில் வைத்திருந்தது யாவரும் அறிந்தது. இவையனைத்தும் கண்ணுக்குத் தெரிந்த இடர்கள். நம் பொருளுக்கு உரியது கண்ணுக்குத் தெரியாத இடர்.

1550ஆம் ஆண்டு, வசாரியின் நூல் வெளிவந்த அதே ஆண்டில், லான்சலொற் புளொண்டீல், யான் வான் ஸ்கோரல் என்னும் ஓவியர் இருவர் இப்பலிபீடத்தைத் துப்புரவு செய்தனர். அதற்குமுன் திறமையற்றவர்கள் செய்த துப்புரவால், அடிப்பகுதியில் நீர்வர்ணத்தால் தீட்டப்பட்டிருந்த நரகக் காட்சி அழிந்துபோயிற்றென அந்நூற்றாண்டின் கென்ற் நகர வரலாற்றாசிரியர் மார்க்குஸ் வான் வார்னவைக் எழுதியுள்ளார். நீர்வர்ணம் கழுவப்பட்டுப் போக, எண்ணெய் வர்ணம் எஞ்சியது. எஞ்சிய அதனையும் அதே நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் எவரோ பரந்த அளவிலே மேற்பூச்சிட்டு மூடினர். மேற்பூச்சிட்டவர் மூல உருவத்தின் கோடுகளையே பெரும்பாலும் பின்பற்றினார். ஆடையின் மடிப்புகள் எளிமையாயின, நிழல்கள் தட்டையாயின, ஆனால் உருவம் மாறவில்லை. காலம் செல்ல மேற்பூச்சும் மூலத்தைப் போலவே வெடிப்புக் கோடுகள் பெற்றது. கலை வரலாற்று மாணவர் தலைமுறை தலைமுறையாக அதையே வான் ஐக்கின் கைத்திறன் என்று கற்றனர். 1521இல் இப்பலிபீடத்தைக் கண்டு புகழ்ந்த அல்பிரெக்ற் டூரர் கண்டது மூலத்தை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பின்வந்தோர் புகழ்ந்தது பெரும்பகுதி மேற்பூச்சை.

ஐயம் எழுவதற்கு முன்னரே சில தடயங்கள் கிடைத்திருந்தன. 1823இற் பேர்லினிலே பக்கப் பலகைகளின் சட்டத்தில் இருந்த பச்சைப் பூச்சு நீக்கப்பட்டபோதுதான் மேற்கூறிய நான்கடிப் பாட்டு வெளிப்பட்டது. ஹியூபேர்ட் என்பவர் இருந்தாரா என்ற வாதமும் அதனோடு பிறந்தது. 1950–51இல், போல் கொரமன்ஸ் தலைமையிலே நடந்த சீரமைப்பின்போது, ஆட்டுக்குட்டியின் தலையைச் சுற்றியிருந்த மேற்பூச்சுச் சிறிது நீக்கப்பட்டது. மூல ஓவியத்தின் காதுகள் தெரிந்தன. மேற்பூச்சிலே தீட்டிய காதுகளும் அப்படியே இருந்தன. அதன் பயனாக 1951 முதல் 2019 வரை அவ்வாட்டுக்குட்டி நான்கு காதுகளோடு நின்றது. அதற்கு மேற் செல்லத் துணியாமை அக்காலக் கருவிகளின் எல்லையை அறிந்தோரின் அடக்கம் என்றே நான் கொள்கிறேன். அவர்கள் அன்று தொடர்ந்திருந்தால் மூலத்தையும் சேர்த்துச் சுரண்டியிருக்கக்கூடும்.

2012 ஒக்ரோபரில் பெல்ஜியத்தின் அரச கலைமரபு நிறுவனம் புதிய சீரமைப்பைத் தொடங்கியது. முதலில் திட்டமிடப்பட்டது மஞ்சளித்துப் போன மெருகை நீக்குவது மட்டுமே. மெருகை நீக்கியபோது அடியில் இருந்தது வான் ஐக் அல்ல என்பது தெரியவந்தது. மடித்த நிலையில் தெரியும் வெளிப்பலகைகளிற் சுமார் 70 சதவீதம் மேற்பூச்சாக இருந்தது. வேலையை அவ்வாறே தொடர்வதா நிறுத்துவதா என்ற வினா எழுந்தது.

இங்கே நாம் முன்னர் கண்ட மூன்றாம் விளைவை நினைவுகூர்தல் வேண்டும். மூலம் எண்ணெய், மேற்பூச்சும் எண்ணெய். இரண்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டளவான இடைவெளி 1550இற் பெரிது. இன்றோ ஒன்றுக்கு வயது 580க்கு மேல், மற்றையதற்கு 460க்கு மேல். இரண்டும் முற்றி இறுகிவிட்டன. மேற்பூச்சைத் தாக்கும் கரைப்பான் மூலத்தையும் தாக்கலாம். இரண்டையும் பிரிக்க உதவியது மூன்றாவதொன்று. மேற்பூச்சிட்டவர்கள் பழைய மெருகை முற்றாகக் கழுவிவிடவில்லை. மூலத்துக்கும் மேற்பூச்சுக்கும் இடையே பழைய மெருகின் எச்சம் கிடந்தது. மரவேலை செய்வோர் எவரும் இதனைக் குறையென்பர். பழைய மெருகைத் தேய்த்து நீக்கிய பின்னரே வர்ணம் பூசல் வேண்டும், இல்லையேற் பிடிக்காது என்பது அவர்களின் முதற்பாடம். அக்குறையே இங்கு பாதுகாப்பாயிற்று. சீரமைப்பாளர் நுணுக்குக்காட்டியினூடே நோக்கி, கரைப்பானால் மென்மையாக்கி, அறுவைக் கத்தியாற் சிறிது சிறிதாக மேற்பூச்சைப் பெயர்த்தனர். ஒரு நாளில் முடிவது மிகச் சிறு பரப்பே. எக்ஸ் கதிர்களால் வர்ணங்களிலுள்ள மூலகங்களைப் பரப்பெங்கும் வரைபடமாக்கும் முறை, கீழே என்ன எஞ்சியுள்ளது என்பதைக் கத்தி தொடுமுன்னரே காட்டிற்று. எஞ்சியிருந்தது ஏறக்குறைய முழு ஓவியம். உண்மையில் அழிந்திருந்தது சிறு பகுதியே. சிறு சேதங்களை மறைக்கப் பெரும்பரப்பை மூடியிருந்தனர் என்பது இதனாற் புலனாயிற்று. சட்டத்துப் பாட்டும் மூலப் பூச்சோடு சேர்ந்ததே என ஆய்வு காட்டியமையால் ஹியூபேர்ட் பற்றிய பழைய ஐயமும் வலுவிழந்தது.

வெளிப்பலகைகளின் வேலை 2016இல் முடிந்தது. உட்புறக் கீழ்ப்பலகைகள் 2019இல் முடிந்து 2020 ஜனவரியில் ஆலயத்துக்கு மீண்டன. அப்போதுதான் உலகம் ஆட்டுக்குட்டியின் மூலமுகத்தைக் கண்டது. மேற்பூச்சில் அது விலகிய கண்களோடு சாதாரண ஆடாக எங்கோ நோக்கி நின்றது. மூலத்திலோ கண்கள் நெருங்கி முன்னோக்கி, பார்ப்பவரை நேரே பார்க்கின்றன. முகம் ஏறத்தாழ மனித முகம். பலர் நகைத்தனர், சிலர் சீரமைப்பாளர் கெடுத்துவிட்டனர் என்று சினந்தனர். பழகிய மேற்பூச்சை மூலமென்றும் மூலத்தைப் புதுமையென்றும் அவர்கள் கொண்டதில் வியப்பில்லை.

நீக்குதல் முறையா?

சீரமைப்பாளர் தாமாக முடிவெடுக்கவில்லை. பல நாட்டு வல்லுநர் குழுவொன்றைக் கலந்தாலோசித்தே செயற்பட்டனர். எனினும் ஒரு வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பதினாறாம் நூற்றாண்டின் மேற்பூச்சும் வரலாறே. அது தன் காலத்து வழிபாட்டாளர் ஆட்டுக்குட்டியை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்குச் சான்று. மூலத்தின் நேர்நோக்கு அவர்களுக்குக் கூச்சத்தை அளித்ததோ என எண்ணத் தோன்றுகின்றது. அச்சான்று இன்று நிழற்படங்களிலும் பழைய பிரதிகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. எண்ணெயின் இயல்பினால் இது மீளப்பெற இயலாத தீர்ப்பு. பெயர்த்த படலத்தை எவரும் திரும்ப ஒட்டமுடியாது.

இவ்வினா நமக்கு அயலானதன்று. கொடியேற்றத்துக்கு முன்னர் வாகனங்களுக்குப் புதுவர்ணம் தீட்டுவது நம்மூர்க் கோயில்களின் வழக்கம். பூச்சின்மேற் பூச்சாக வந்து, குதிரை வாகனத்தின் செதுக்கு நுணுக்கங்கள் மழுங்கிப்போனதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அதனைச் சிற்பத்துக்கு இழைத்த கேடு என்று மட்டும் கூறுபவர், வாகனம் காட்சிப்பொருளல்ல, சுவாமி எழுந்தருளும் பொருள் என்பதை மறக்கின்றார். கென்ற் பலகைகளும் 1550இல் அருங்காட்சியகப் பொருளாக இருக்கவில்லை. எனினும், கீழே எத்தனை படை உள்ளது, எந்த எண்ணெய், எந்த நிறம் என்பதையேனும் பூசுமுன் எவராவது குறித்துவைப்பின், பின்வருவோர் தெரிந்து முடிவெடுப்பர். அத்தகைய குறிப்பேடு எதனையும் எம்மூர்க் கோயிலில் நான் கண்டதில்லை. வர்ணக்காரரைக் கேட்டால் அவருக்குத் தெரியும். அவருடைய தந்தை பூசியது அவருக்கு நினைவிலுண்டு. அவ்வளவில் அது நிற்கின்றது.

என் கருத்தில், கென்றிலே மேற்பூச்சை நீக்கியது சரியே. கீழே மூலம் பெரிதும் கெடாது இருந்தது என்று முன்கூட்டியே அறியமுடிந்தமையே அதற்குக் காரணம். மூலம் வான் ஐக்கினுடையது என்பதன்று. கீழே சிதைவே எஞ்சியிருக்குமாயின், பெயர்பெற்ற ஓவியரின் சிதைவைக் காட்டுவதற்காகப் பெயரற்ற ஓவியரின் முழுமையை அழிப்பதற்கு நியாயம் கூறமுடியாது.

மேற்பலகைகளின் வேலை 2023இல் தொடங்கியது. அவ்வேலையாலும் மீட்கமுடியாத பலகையொன்று உண்டு. 1934ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து இரவொன்றில் நீதிமான்கள் எனப்படும் பலகை ஆலயத்திலிருந்து திருடப்பட்டது, இதுவரை கிடைக்கவில்லை. அதன் இடத்தில் இருப்பது, சீரமைப்பாளரான யெஃப் வான் டெர் வேக்கன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீட்டிய பிரதி. ஏனைய பலகைகளின் முதுமையோடு அது இயைய வேண்டுமே என்று அவர் புது மரத்தை நாடவில்லை. இருநூறு ஆண்டுப் பழைமை வாய்ந்த அலுமாரி ஒன்றின் தட்டுப் பலகையை எடுத்து அதன்மேல் தீட்டினார். அந்த அலுமாரியைச் செய்த தச்சரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.